கசாதே கோட்டையில் ஒரு நீலத் தார்ப்பாய்

கோட்டை என்று பெயர்தானே தவிர, கசாதே மலைமேல் கோட்டை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பிரபுக்களின் காலம் முடிந்ததும் கோபுரத்தைப் பிரித்து மரத்தையெல்லாம் விறகுக்கு விற்றுத் தீர்த்துவிட்டார்கள். கல் மதில்களைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தெம்பில்லை, அதனால் அவை நிற்கின்றன. மேல் அரண், கீழ் அரண் என்று இரண்டு தட்டு, இரண்டிலும் செர்ரி மரங்கள். ஏப்ரல் நடுவில் பூ விரிந்துவிட்டால் துறைமுகத்து ஜனம் மொத்தமும் மலைமேல்தான் கிடக்கும். மரத்துக்கு மரம் நீலத் தார்ப்பாய், தார்ப்பாய்க்குத் தார்ப்பாய் பீர்.

கோபுரம் இல்லாத கோட்டைக்கும் உயிரைக் கொடுக்கிற ஆட்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். முனகாதா ஷிகேயோஷி அந்த ரகம். ஒரு மதிலைப் பார்த்தால் தடவிப் பார்ப்பார். ஒரு மூலைக்கல்லைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார். பிழைப்புக்கு டிராக்டரும் நாற்று நடும் இயந்திரமும் விற்கிற கம்பெனியில் கிளை மேலாளர். ஓசாகாவில் இருந்த அவரை வடக்கே இந்தக் கசாதே ஊருக்கு மாற்றிவிட்டார்கள். "இது தண்டனையா?" என்று மனைவி தொமோயோ கேட்டபோது, "அனுபவம் உள்ள ஆள் வேணுமாம்" என்று சொல்லிவைத்தார். அவள் நம்பவில்லை. அவரும்தான் நம்பவில்லை.

ஓசாகாவில் நடந்தது வேறு. பிரிவு விருந்து முடிந்து எல்லோரும் குனிந்து வணங்கி அவரை வழியனுப்பினார்கள். தெருமுனை வரை போனபிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனார். உள்ளே கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அவருடைய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அன்பர்களே, இந்தக் கல் இருக்கிறதே, இந்தக் கல்..." என்று இழுத்து இழுத்து. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அத்தனை வருடத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து முனகாதா கேட்டதே இல்லை. கதவைத் தள்ளினார். சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது. ஒருவன் எழுந்து இரண்டு கையாலும் குடையை நீட்டித் தலை குனிந்தான். வெளியே மழை கொட்டியது. குடையை விரிக்கத் தோன்றாமலே ஸ்டேஷன் வரை நடந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கசாதேயில் தான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கக்கூடாது. அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயசுக்கு ரொம்பச் சின்ன ஆசைதான், ஆனால் மனுஷனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி கொடுத்த வீட்டுக்கு வந்து இறங்கினார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை கிளையின் பூ விருந்து, அதுவே அவருக்கு வரவேற்பும். துணை மேலாளர் ஒனோதேரா அம்மாள் போனில் விவரம் சொன்னார். கிளையில் யாரையும் முனகாதா அதுவரை நேரில் பார்த்ததில்லை. இந்த அம்மாளின் குரல் மட்டும்தான் பழக்கம்.

"மதியம் ஒரு மணிக்கு, மேனேஜர். மேல் அரண்ல, பெரிய மரத்தடியில. புதுசா சேர்ந்த ஒயிகாவா விடியக் காலைல போய் இடம் பிடிச்சு உக்காந்துருவான். நீங்க வந்து குவளையைத் தூக்கிக் கம்பாய் சொன்னாத்தான் நாங்க பீரைத் திறப்போம், அதனால கொஞ்சம் நேரத்துக்கு வந்துருங்க. சாவி வெச்ச கவர்லயே வழி வரைஞ்சு வெச்சிருக்கேன்."

"வழியா? எனக்கா?" முனகாதாவுக்குச் சிரிப்பு பொங்கியது. "ஒனோதேரா மேடம், கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தக் கோட்டையிலயும் நான் நேரா நடுவாசலுக்குப் போய் நிப்பேன்!"

எதிர்முனையில் எதுவோ டொக்கென்று விழுந்த சத்தம். பிறகு, "மெதுவாப் பேசினாலும் கேக்கும், மேனேஜர்" என்றார் ஒனோதேரா.

முனகாதாவின் தொண்டை அப்படி. டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விவசாயியிடம் விலை பேசிப் பழகிய தொண்டை. அதற்குப் பெரிசு, சின்னது என்று இரண்டு அளவு கிடையாது.

அடுத்து தொமோயோ கூப்பிட்டாள். "இந்தத் தடவையாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. கல்லைப் பத்திப் பேசாதீங்க."

"கல்லைப் பத்தி நான் எப்பப் பேசினேன்?"

"நம்ம கல்யாணத்துல பேசினீங்க."

பேசியது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே கிளம்பினார். ஒனோதேரா வரைந்த வழி சாவிக் கவரிலேயே இருந்தது, கவர் மேசைமேல் இருந்தது. முன்வாசல் வழியாகப் போவது சுற்றுலாக்காரன் வேலை, கோட்டை தெரிந்தவன் பின்வாசலில் நுழைவான் என்று மலையின் மறுபக்கம் சுற்றிப் போய்ப் புதருக்குள் புகுந்தார். பாதை இருந்தது, ஆனால் அது மான் போகிற பாதை. வழியெல்லாம் மதிலைக் கண்ட இடத்தில் நின்று போனில் படம் எடுத்தார். கல், பக்கத்துக் கல், இரண்டு கல்லும் சேர்ந்து ஒன்று, பாசியோடு ஒன்று, பாசி இல்லாமல் ஒன்று. பேட்டரி செத்ததும்தான் விட்டார்.

மூச்சு வாங்க ஏறி ஒரு மைதானத்தில் வெளிப்பட்டபோது, இவ்வளவு ஏறியாயிற்று, இதுதான் மேல் அரணாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மூலைக்கல் வேறு அருமையாகச் செதுக்கியிருந்தது. இவ்வளவு அழகான மூலைக்கல்லைக் கீழ் அரணில் எவனாவது வைப்பானா? அப்படியானால் எதிரே இன்னும் உயரமாக ஒரு மதில் நிற்கிறதே, அது என்ன? காவல் மாடத்தின் அடித்தளம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தார். முப்பது வருடம் படித்த படிப்பு. அந்தப் படிப்பு மட்டும் இல்லாதிருந்தால், வழியில் போகிற யாரையாவது "மேல் அரண் எதுங்க?" என்று கேட்டுத் தொலைத்திருப்பார்.

ஆக, அவர் நின்றது கீழ் அரண். பெரிய மரம் ஒன்று அங்கேயும் இருந்தது. மரத்தடியில் நீலத் தார்ப்பாயும் அதன்மேல் ஒரு பெரிய கூட்டமும் இருந்தன. அது அவருடைய ஆட்கள் இல்லை. துறைமுகத்தில் கமபோகோ செய்கிற, அதாவது மீனை அரைத்து ஆவியில் வேகவைத்து விற்கிற, ஷிஷிதோ ஆலைக்காரர்கள். எந்தத் தார்ப்பாய்க்கும் ஓரத்தில் ஓர் அட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். இதற்கும் ஒட்டியிருந்தது. ஆனால் அதன்மேல் ரப்பர் பூட்சுகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. ரப்பர் பூட்ஸைப் பார்த்த முனகாதா, ஆகா, ஞாயிற்றுக்கிழமைகூட வயலில் இறங்கி நாற்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள், என்ன உழைப்பாளிகள் என்று நெஞ்சு விம்மினார்.

"அண்ணே! வாங்கண்ணே, வாங்க! எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்?" என்று தோள் அகலமான ஓர் ஆள் எழுந்து கையாட்டினார். ஆலையின் மேஸ்திரி குமகாய். மீன் வேலைக்காரர்கள் விடியுமுன் வேலை தொடங்குகிறவர்கள், அவர்களுடைய மதியச் சாப்பாடு மற்றவர்களின் காலை. குமகாய் ஏற்கெனவே செர்ரிப் பூவைவிடச் சிவந்திருந்தார். அந்த விருந்துக்கு மீன் தரும் படகுக்காரர்கள், ஐஸ் ஆலைக்காரர்கள் என்று வருடா வருடம் நாலைந்து புது முகங்கள் வருவது வழக்கம். வந்தவர் ஐஸ் ஆலையின் புது ஆளாக்கும் என்று குமகாய் நினைத்தார். முனகாதா ஷூவைக் கழற்றிக் குவியலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு குவளை வந்தது. அதில் பீர் வந்தது.

கம்பாய் சொல்லாமல் திறக்க மாட்டோம் என்றார்களே? எல்லாக் கேனும் திறந்து கிடக்கிறதே? ஒரு கணம் உறுத்தியது. பிறகு, குளிரில் பொறுக்க முடியாமல் திறந்துவிட்டார்கள், சம்பிரதாயம் பார்க்காத பிள்ளைகள், இதைச் சுட்டிக் காட்டுகிற மேனேஜராக நான் இருக்கக்கூடாது என்று தாராள மனசோடு குடித்தார். ஒருவரும் "மேனேஜர்" என்று கூப்பிடாததும் அவருக்குப் பிடித்திருந்தது. ஓசாகாவில் உண்டா இப்படி?

அவர்களுக்கும் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு தரம் பீர் ஊற்றிக் கொடுத்தபிறகு ஒரு மனுஷனைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது எப்படி? பாக்கிங் பிரிவு, இவர் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்தவர் என்று நினைத்தது. கணக்குப் பிரிவு, முதலாளிக்கு வேண்டியவர் என்று நினைத்தது. முதலாளி ஷிஷிதோ, யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சிரித்துத் தலையாட்டினார். மரியாதைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு திருடனைக்கூட உட்காரவைத்துச் சோறு போடுவார்கள்.

பேச்செல்லாம் மீனாகவே இருந்தது. காட் மீன் விலை, முள் எடுக்கும் இயந்திரம், அரைக்கும் கல் தேய்ந்துபோனது. கசாதே கிளை மீன் அரைக்கும் இயந்திரமும் விற்கிறது போல, தலைமை அலுவலகம் இதைச் சொல்லவே இல்லையே என்று முனகாதா மனசுக்குள் குறித்துக்கொண்டார். அரைக்கும் கல் என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கு துடித்தது. கல் என்றால் கசாதே மதிலில் இருக்கிற கல் என்ன கல் தெரியுமா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். தொமோயோவின் முகம் குறுக்கே வந்தது. திறந்த வாயில் கமபோகோவைப் போட்டு மூடினார்.

அப்படிப் பேசாமல் இருந்ததில் ஒரு வினோதம் நடந்தது. மற்றவர்கள் பேசினார்கள். குமகாய் தன் மகளைப் பற்றிச் சொன்னார். சென்டாய் ஊருக்குப் படிக்கப் போனவள், பண்டிகைக்குக்கூட வருவதில்லை.

"போன் பண்ணா, 'அப்பா, மீன் வாசனை போன்லயே அடிக்குது'ங்கறா, அண்ணே. சிரிச்சிட்டுத்தான் சொல்றா. ஆனா வலிக்குதில்ல?"

"வலிக்கும்" என்றார் முனகாதா. குடை நினைவு வந்தது. "சிரிச்சிட்டுச் சொன்னா வலிக்கும்தான். ஆனா நேர்ல சொல்றா பாருங்க. முதுகுக்குப் பின்னால சொல்லலியே."

குமகாய் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க ரொம்பப் பேசற ஆள் இல்ல போல. உங்ககிட்டச் சொன்னா மனசு லேசாகுது."

முனகாதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்பப் பேசற ஆள் இல்ல! இதை எழுதி வாங்கி ஓசாகாவுக்கு அனுப்பிவைத்தால் என்ன? டேய் முனகாதா, இந்த ஊர் உனக்காகத்தான்டா காத்துக்கொண்டிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு குவளை வாங்கிக்கொண்டார்.

காற்று எழுந்தது. கடலிலிருந்து வருகிற வடக்குக் காற்று, பூவை உதிர்க்கும், காதைக் கிள்ளும். கீழ் அரணை மதில் மறைத்ததால் கமபோகோக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் எதிரே அந்த உயர மதிலின் மேல் ஒரு கூட்டம் மடித்த முழங்கால்மேல் கை வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருவர் கையிலும் பீர் இல்லை. கேன்கள் மூடியபடியே அடுக்கியிருந்தன. சாப்பாட்டுப் பெட்டிகளின் கயிறுகூட அவிழ்க்கவில்லை.

"அவங்களைப் பாருங்க, பாவம்" என்றாள் பாக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி. "கழிப்பறை வரிசையில நின்னப்ப கேட்டேன். அவங்க பெரியவர் இன்னும் வரலியாம். அவர் வராம தொட மாட்டாங்களாம். பல்லெல்லாம் அடிக்குது அவங்களுக்கு."

முனகாதாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "எந்த மடையனோ தெரியலியே! இந்தக் குளிர்ல ஜனத்தை உக்கார வெச்சிட்டு எங்கயாவது வேடிக்கை பாத்துட்டு நிப்பான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். தன்னைப் பத்தித்தான் நெனப்பே தவிர அடுத்தவன் குளிரு தெரியாது!"

"நல்லாச் சொன்னீங்கண்ணே!" என்று குமகாய் தொடையைத் தட்டினார். தார்ப்பாயே சிரித்தது. தான் சொன்னதற்கு ஒரு கூட்டம் சிரிக்கிற சுகம் எவ்வளவு காலம் ஆயிற்று! முனகாதா உற்சாகத்தில் அந்த மடையனை இன்னும் நாலு வாங்கு வாங்கினார். வந்ததும் பேச்சு வேறு பேசுவான், மணிக்கணக்காகப் பேசுவான், கேட்கிறவன் தலையில் பனி விழுந்து மூடிவிடும் என்றார். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். அவருடைய சட்டைப் பையில் கசாதே கோட்டையின் வரலாறு பற்றிய அவரது ஏற்புரை நாலாக மடிந்து இருந்தது.

சற்று நேரத்தில் முதலாளி ஷிஷிதோ எழுந்து நின்றார். எல்லோரும் குவளையை வைத்தார்கள்.

"நேரமாச்சு. நாளைக்கு விடியுமுன்ன மீன் வந்து நிக்கும், நாம போய்ப் படுக்கணும். ஷிஷிதோ கமபோகோ ஆலைக் குடும்பத்துக்கு இந்த வருஷமும் நல்லா ஓடட்டும்."

கமபோகோ ஆலையா?

முனகாதா தன் கையில் இருந்த குவளையைப் பார்த்தார். பிறகு ரப்பர் பூட்ஸ் குவியலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பார்க்க விருப்பமே இல்லாமல், மதில் மேலே பார்த்தார். மூடிய கேன்கள். நடுவில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். ஓரத்தில் ஒரு பையன் தலையில் பச்சைத் தொப்பி, அதில் அவருடைய கம்பெனியின் டிராக்டர் படம். குடித்த பீரெல்லாம் ஒரே நொடியில் வேர்வையாக வெளியே வந்தது. எந்த மடையனோ தெரியலியே! இப்போது தெரிந்தது.

எழுந்து ஓடிவிடலாம், ஆனால் ஷூ குவியலுக்கு அடியில் இருந்தது. உண்மையைச் சொல்லலாம், ஆனால் எல்லோரும் குவளையை வைத்துவிட்டு மௌனமாக நிற்கிற நேரத்தில் எப்படிச் சொல்வது? அவர் வாயைத் திறப்பதற்குள் ஷிஷிதோ அவர் பக்கம் கையை நீட்டினார்.

"முடிக்கிற கைத்தட்டலை நம்ம விருந்தாளி ஆரம்பிச்சு வெச்சா நல்லாருக்கும். ஒரே ஒரு தட்டு. உங்க குரலும் கணீர்னு இருக்கு."

விருந்தை முடிக்கும் கைத்தட்டல் என்றால் ஒருவர் "இய்யோ!" என்று குரல் கொடுக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஒரே தட்டு தட்ட வேண்டும். அழைத்தால் மறுப்பது என்பது கிடையாது. முனகாதா எழுந்தார், கால் மரத்திருந்தது. காற்றும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. மதிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தொண்டையைச் சுருக்கி, "இய்யோ" என்று முனகினார்.

யாரும் தட்டவில்லை.

"என்னண்ணே, கொசு முனகற மாதிரி?" என்றார் குமகாய். "அவ்வளவு நேரம் அந்த மடையனைத் திட்டினப்ப மலையே அதிர்ந்துச்சு. போடுங்க சத்தமா!"

எல்லோரும் கையை விரித்துக் காத்திருந்தார்கள். இதையும் பாதியில் கெடுக்க மனசு வரவில்லை. இவ்வளவு நேரம் சோறு போட்டவர்கள். முனகாதா கண்ணை மூடினார்.

"இய்யோஓஓ!"

பட்! ஒரே தட்டு. காகங்கள் கிளம்பிப் பறந்தன.

மதில் மேலே அசைவு. முதலில் பச்சைத் தொப்பி எட்டிப் பார்த்தது. அடுத்து ஒரு தலை, அடுத்து இன்னொரு தலை. வரிசையாக மதில் விளிம்பு முழுக்கத் தலைகள். நடுவில் அந்த அம்மாளின் முகம். போனை டொக்கென்று நழுவவிட்டவர் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்ளத்தானே செய்வார்?

"முனகாதா மேனேஜரா அங்க?"

பொய் சொல்ல அவருடைய தொண்டையே விடாது. "ஆமாங்க!" என்றார். அதுவும் மலை முழுக்கக் கேட்டது.

ஷிஷிதோ மெல்ல அருகில் வந்தார். "அப்ப நீங்க ஐஸ் ஆலை இல்லையா?"

"டிராக்டருங்க."

"டிராக்டர்..." ஷிஷிதோ மேலே பார்த்தார், மூடிய கேன்களைப் பார்த்தார், திரும்பி இவரைப் பார்த்தார். "அப்ப அந்த மடையன்..."

"நான்தான்."

குமகாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தைக் கட்டிக்கொண்டார்.

மேல் அரணுக்குப் படிக்கட்டு அகலமானது, வெயிலில் பளிச்சென்று எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. கோட்டை கட்டினவன் எதிரிகளைக் கேவலப்படுத்தவே அதைக் கட்டியிருக்க வேண்டும். முனகாதா ஏறினார். பின்னால் ஷிஷிதோவும் குமகாயும் ஒரு பெட்டிக் கமபோகோவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், தங்களால்தானே இந்தத் தப்பு நடந்தது என்று. ஓசாகாவில் போன மானம் ஓசாகாவோடு போகட்டும், இங்கே இருந்ததையும் முதல் நாளே துடைத்து எறிந்தாயிற்று என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. நாளையிலிருந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் பேச்சு நிற்கும். ஓய்வு பெறும்வரை நிற்கும்.

மேலே போனதும் ஷிஷிதோ தரையில் தலை படுகிற அளவுக்குக் குனிந்தார். "உங்க மேனேஜரைத் தெரியாம எடுத்து வெச்சுக்கிட்டோம். மன்னிக்கணும்." ஒனோதேரா பதிலுக்குக் குனிந்தார். "எங்க ஆளு தெரியாம வந்து உங்க பீரைக் குடிச்சிட்டாரு. மன்னிக்கணும்." முனகாதா இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் குனிந்தார். கமபோகோக்காரர்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். படி இறங்கும்வரை குமகாயின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அவர்கள் மட்டும். எல்லோர் மூக்கும் சிவந்திருந்தது. ஒயிகாவாவின் உதடு நீலமாக இருந்தது.

"பேசுங்க, மேனேஜர்" என்றார் ஒனோதேரா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தயாராத்தான் வந்திருக்கோம். ஓசாகாவிலிருந்து தகவல் வந்துச்சு, பேச்சு நீளம்னு. எல்லாரும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கோம்."

யாரோ ஒருவருக்குப் புரையேறியது. முனகாதாவின் காது சூடானது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நாலாக மடித்த காகிதம் விரலில் தட்டியது. அதை அங்கேயே விட்டார்.

"மேல குளிர்ல உக்காந்திருந்த உங்களைப் பாத்து, எந்த மடையன் மேனேஜரோன்னு கீழ உக்காந்து திட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்கு நல்லாச் சிரிச்சாங்க." அவர் ஒரு கேனை எடுத்துத் திறந்தார். "அவன் சார்பா மன்னிப்புக் கேக்கறேன். கம்பாய்!"

"கம்பாய்" என்றார்கள். வேறு சத்தம் இல்லை. கேன்கள் திறக்கும் ஓசை மட்டும். பாவம், ஒரு மணி நேரத் தாகம், சிரிக்க வாய் எங்கே இருந்தது? முனகாதா ஓர் ஓரமாக உட்கார்ந்து கமபோகோவை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். கேட்டால் பதில் சொன்னார். கேட்கிறவர் அதிகம் இல்லை. கொஞ்ச நேரத்தில், அவர் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள் என்று தோன்றியது. "இதோ வர்றேன்" என்று எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். போக வேண்டிய அவசியம் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது, மரத்துக்கு இந்தப் பக்கமே கேட்டுவிட்டது.

"இய்யோஓஓ!"

ஒயிகாவாவின் குரல். அச்சாக அவருடைய தொண்டை. பிறகு ஒரு கொசு முனகல், "இய்யோ" என்று, முதலில் செய்த அந்தத் திருட்டு முனகல். மேலே வரை அதுவும் கேட்டிருக்கிறது! பிறகு, கூரை இருந்திருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், அப்படிச் சிரிப்பு.

முனகாதா மரத்தில் கை வைத்து நின்றார். அதே கதவு. அதே குடை. இங்கே கதவு இல்லை, குடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படியே படி இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். மேனேஜருக்கு வயிறு சரியில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வயிறு முட்டக் கமபோகோ தின்ற மனுஷன், யாரும் நம்புவார்கள். கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியும்விட்டது. முதுகுக்குப் பின்னால சொல்லலியே என்று குமகாய்க்குச் சொன்னவன் யாரடா? நீதானே? அப்படியானால் முதுகைக் காட்டாதே, போ என்று தன்னைத்தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒயிகாவா வாயைத் திறந்தபடி உறைந்துபோனான். முனகாதா காத்திருந்தார். சிரிப்பு எப்படி அணையும் என்று அவருக்குத் தெரியும்.

ஒனோதேரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கச் சிரித்தார். "நல்லவேளை வந்தீங்க, மேனேஜர். இவனுக்கு அந்தக் கொசு முனகல் சரியாவே வரல. நீங்களே ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க."

அவ்வளவுதான், மறுபடி எல்லோரும் வெடித்தார்கள். ஒருவன் தார்ப்பாயில் புரண்டான். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவர்கள் பாட்டுக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நிற்கவே இல்லை. முனகாதாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. வடக்குக் காற்று என்று சொல்லிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் தார்ப்பாயின் ஓரத்தில் குனிந்து, கிடந்த செருப்புகளை ஒதுக்கி, அட்டையில் எழுதியிருந்த பெயரைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.